வெள்ளிக்கிழமையானா பறக்காது

உக்காருங்க சார். ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? அந்தக் கொம்பு வச்ச மிஷினை நாற்காலி மேல வையுங்க, யாரும் தொட மாட்டாங்க. இந்த வீட்ல நான் ஒருத்திதான். பொண்ணு திருச்சியில ஹாஸ்டல்ல படிக்குது. எம் பேரு தையல்நாயகி. நீங்க வயர்லெஸ் ஆபீஸ்லேருந்து வந்திருக்கீங்க, எங்க சுகந்தி ஓட்டுற ட்ரோன் ஏன் தலை சுத்தி விழுதுன்னு பாக்க வந்திருக்கீங்க, எல்லாம் தெரியும். உங்க ஜீப்பு மதகு தாண்டும்போதே ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. அவளைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்? என் கொழுந்தன் பொண்டாட்டி சார் அவ. நடுவுல ஒரே சுவரு, அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான்.

மோர் எடுத்துக்குங்க. பெருங்காயம் போட்டிருக்கேன். பத்தரை மணிக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு, அதுவரைக்கும் சும்மாதான் இருப்பேன். கேக்குறதைக் கேளுங்க.

எங்க மகளிர் குழுவுக்கு நான்தான் செகரட்டரி. பதினோரு வருஷமா. போன வருஷம் மேலேருந்து ஒரு கடுதாசி வந்துச்சு, குழுவுல ஒரு பொம்பளைக்கு ட்ரோன் ஓட்டக் கத்துக் குடுக்குறோம், பத்தாவது படிச்சிருந்தா போதும், மருந்து அடிக்கிற ட்ரோனும் குழுவுக்கே குடுப்போம்னு. எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாத்தாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். இதை நல்லா எழுதிக்குங்க. எனக்குக் கிடைக்காமப் போவல, நானா வேணாம்னது. மருந்தடிக்கிற வேலைதானே, ஆம்பளைங்க முதுகுல டப்பாவைக் கட்டிக்கிட்டு அடிக்கிறதை இவங்க ரிமோட்ல அடிக்கப் போறாங்க, அதுக்குப் பதினஞ்சு நாள் எவ போயி எங்கியோ படுத்துக் கிடப்பான்னு நினைச்சேன். மூலையில உக்காந்திருந்த இவ கையைத் தூக்குறா. "நான் போறேங்கா"ங்கறா. போயிட்டு வாடின்னு தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

பதினஞ்சு நாள் கழிச்சு வந்தா பாருங்க! போனப்ப சாயம் போன நைலக்ஸ் சேலை. வந்தப்ப நீலக் கோட்டு, கால்ல பூட்ஸு, தலையில தொப்பி. பின்னாடி வண்டியில ட்ரோன். கலியமூர்த்தின்னு ஒருத்தர், நாலு வேலி நிலம் வச்சிருக்காரு, எந்தப் பொம்பளையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, "ஏ இந்தா"ன்னுதான் கூப்பிடுவாரு. அவரு சொல்றாரு, "வாங்க சுகந்தி, உக்காருங்க"ன்னு. வாங்களாம், உக்காருங்களாம்! நான் பதினோரு வருஷமா செகரட்டரி, எனக்கு ஒரு "வாங்க" கிடைச்சதில்ல.

எனக்குப் பொறாமைன்னு நினைச்சுடாதீங்க. பொறாமைப்படுற அளவுக்கு அவகிட்ட என்ன இருக்கு? அவ புருஷன் குணசீலன் உள்ளூர்ல டிராக்டர் டிரைவர். எங்க வீட்டுக்காரரு குவைத்துல இருக்காரு. ஒன்பது வருஷமா ஏசி மெக்கானிக்கா இருக்காரு. மாடி வச்ச வீடு எங்களுது, அவளுது ஓட்டு வீடு. என்ன இருக்கு சொல்லுங்க?

என்ன சார், அந்த மிஷினு கத்திக்கிட்டே இருக்கு? கம்மி பண்ணி வையுங்க. காது அடைக்குது.

என்னிக்கு என்னிக்கு விழுந்துச்சுன்னுதானே கேக்குறீங்க? வெள்ளிக்கிழமை. நான் என்ன, ஊரே சொல்லும். திங்களு, புதனு, சனின்னா ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், கோடு போட்ட மாதிரி வரப்போட வரப்பா போவும், எட்டு நிமிஷத்துல ஒரு ஏக்கரு முடிச்சுட்டுத் திரும்பி வந்து அவ காலடியில உக்காரும். வெள்ளிக்கிழமை ஒன்பது, ஒன்பதரை ஆச்சுன்னா போச்சு. குடிச்சவன் மாதிரி தள்ளாடும். பக்கத்து வயல்ல போயி மருந்தைக் கொட்டும். இந்த சம்பாவுல இலைச்சுருட்டுப் புழு வேற அதிகம், ஆளாளுக்கு அவசரம். கலியமூர்த்தி வயலுக்குன்னு கலக்குன மருந்து வாய்க்காலு தண்ணியில போயிடுச்சு ஒருநாளு. வாங்க சுகந்தின்னவரு அன்னிக்கு என்ன கத்து கத்துனாருங்கறீங்க.

அவளும் புலம்புவா. "அக்கா, பதினெட்டு சாட்டிலைட் காட்டுதுக்கா, திடீர்னு அஞ்சு, நாலுன்னு இறங்கிடுது, அப்புறம் ட்ரோனுக்கே தான் எங்க நிக்கிறோம்னு தெரியலக்கா"ம்பா. ஆமாண்டி, சாட்டிலைட்டு வெள்ளிக்கிழமை விரதம் இருக்குதுன்னு நான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

அப்பதான் சார் எனக்குப் பட்டுச்சு. அந்த வயலுக்கு நடுவுல பிடாரி கோயிலு இருக்கு பாருங்க, நீங்க வர்ற வழியில, வேப்பமரம் நிக்கிதே. வெள்ளிக்கிழமை அவளுக்கு உகந்த நாளு. அவ தலைக்கு மேல வெஷத்தைக் கட்டித் தூக்கிக்கிட்டுப் பறந்தா விடுவாளா? நான் சும்மா வாயில வந்ததைச் சொன்னேன், ஊரு கப்புனு புடிச்சுக்கிச்சு. பூசாரியும் ஆமாம்னுட்டாரு. வெள்ளிக்கிழமை பறக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டாங்க. இவ கேக்கணுமே! "புழு வெள்ளிக்கிழமை லீவு எடுக்குதாக்கா?"ன்னு எங்கிட்டயே கேக்குறா. ஆனா பெரியவங்க சொன்னதுக்கு அப்புறம் அடங்கிட்டா.

சிரிக்காதீங்க. நீங்க படிச்சவரு, நம்ப மாட்டீங்க. சரி, அப்புறம் நடந்ததைக் கேளுங்க. வெள்ளிக்கிழமையைத்தான் விட்டாச்சே, செவ்வாய்க்கிழமை விழுந்துச்சு! செவ்வாயும் அம்மனுக்கு உகந்ததுதானே? ஊரே மிரண்டு போச்சு. நான் அன்னிக்கு மாடியில நின்னு பாத்தேன். எங்க வீட்டுக்காரருக்கு அங்க ஏதோ விசேஷம்னு லீவு விட்டிருந்தாங்க, அவருகிட்ட பேசிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் கிளம்புச்சு. வேப்பமரத்துக்கு இந்தாண்ட வந்துச்சு, நின்னுச்சு, அப்படியே பக்கவாட்டுல சாஞ்சு அவளைப் பாத்தே வந்துச்சு. புடிக்கப் போனா பாருங்க பைத்தியக்காரி. றெக்கை கையைக் கிழிச்சிடுச்சு. ஆறு தையலு.

அதை நான் எதிர்பாக்கல சார். சத்தியமா எதிர்பாக்கல. ஓடினேன். என் முந்தானையைத்தான் கிழிச்சுக் கட்டுனேன்.

வாசல்ல பேரு போட்டிருக்கே, அந்த ராஜாங்கமா? அவருதான் எங்க வீட்டுக்காரரு. அவரு எப்பப்ப பேசுவாருன்னு எதுக்கு உங்களுக்கு? சரி, கேட்டுட்டீங்க, சொல்றேன். அங்க வாரத்துக்கு ஒருநாள்தான் லீவு. வெள்ளிக்கிழமை. மத்த நாளு வெயில்ல கட்டடம் கட்டடமா ஏறி இறங்கிட்டு வந்து கட்டை மாதிரி படுத்துருவாரு. வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு எந்திரிச்சு டீயைப் போட்டுக்கிட்டு வீடியோவுல வருவாரு. நமக்கு அது பத்தரை. வாரம் பூரா நான் காத்துக்கிட்டிருக்கிறது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

வந்த உடனே என்ன கேப்பாருன்னு நினைக்கிறீங்க? சாப்பிட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு, அதெல்லாம் இல்ல. "சுகந்தி ட்ரோன் ஓட்டுதாமே, எப்படி ஓட்டுது?" முதல் கேள்வி அதுதான். அவரு தம்பி போட்டோ அனுப்பியிருக்கான், நீலக் கோட்டோட. அதை ரூமுல எல்லாருக்கும் காட்டியிருக்காரு, எங்க வீட்டுப் பொண்ணுன்னு. இந்தக் கோட்டு, இந்தத் தொப்பி! நான் அன்னிக்கு அவரு அனுப்புன மெரூன் கலரு சேலையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அதைப் பாக்கல. அப்புறம் சொல்றாரு, "ஏன் தையலு, உன்னைத்தானே முதல்ல கேட்டாங்களாம், நீ போயிருக்கலாம்ல?"

நீ போயிருக்கலாம்ல. லைன் சரியில்லைன்னு சொல்லிக் கட் பண்ணிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை "எங்க, காட்டு பாப்போம்"னாரு. போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயி வயலைப் பாத்துத் திருப்புனேன். அவ அப்பதான் ட்ரோனை மேல ஏத்திக்கிட்டிருந்தா. அன்னிக்குத்தான் சார் அது முதமுதல்ல தள்ளாடுனது! போனைத் திருப்பி முழுசா ஒரு நிமிஷம் ஆவல, கிறுகிறுன்னு சுத்தி சேத்துல குத்துச்சு. அவரு சிரிச்சாரு பாருங்க. நானும் சிரிச்சேன். ரெண்டு பேரும் சேந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சோம். எத்தனை வருஷமாச்சு தெரியுமா நாங்க அப்படிச் சிரிச்சு? அப்புறம் வாராவாரம் அதே வேலைதான். "தையலு, மாடிக்குப் போ, உன் ஓரகத்தி இன்னிக்கு என்ன பண்றான்னு பாப்போம்"பாரு. நான் ஒன்பது மணிக்கே எல்லாத்தையும் போட்டு வச்சிட்டு, தலையைச் சீவிட்டு ரெடியா நிப்பேன்.

எதைப் போட்டு வைப்பேனா?

அது ஒண்ணுமில்ல சார். டவர் எடுக்குறதுக்கு ஒரு பெட்டி. இந்தத் தெருவுல டவரே கிடையாது, வீடியோ பேசணும்னா எல்லாரும் மதகுக்குத்தான் போவணும். சேக்காளி ஒருத்தரு லீவுல வந்தப்ப எங்க வீட்டுக்காரரு ஒரு பூஸ்டர் வாங்கிக் குடுத்தனுப்பினாரு. மாடியில ஒரு கம்பி, மாடிக் கதவுக்கு உள்பக்கமா ஒரு பெட்டி. ஊர்லயே எங்க வீட்ல மட்டும்தான். யாருக்கும் தெரியாது. சுகந்திக்கும் தெரியாது. தெரிஞ்சா அவ்வளவுதான், "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசிக்கவாக்கா"ன்னு வந்து நிப்பா. எதெல்லாம்தான் அவளுக்குக் குடுக்குறது? அதனால கம்பியைத் தண்ணி டேங்குக்குப் பின்னாடி வச்சு மேல சேலையைக் காயப் போட்டிருவேன். நல்லா சூடேறும் அது, உய்யின்னு கத்தும், பயந்துக்கிட்டு மத்த நாள்ல தொட மாட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்பது மணிக்குப் போடுவேன். செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவுன்னதும் அன்னிக்கும் போட்டேன்.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க?

இல்ல, இருங்க. இருங்க சார். எங்க போறீங்க? மாடியில ஒண்ணுமில்ல, துணிதான் காயுது. அட, செருப்பைக்கூடப் போடாமப் போறாரே. அந்த மிஷினு ஏன் இப்படிக் கத்துது? கீழ இருந்ததைவிட இங்க அதிகமாக் கத்துது.

ஆமாம், இதுதான் கம்பி. சேலையை எடுக்குறேன், கிழிச்சிடாதீங்க. இந்த டப்பாவா? இத்தனூண்டு டப்பாவா அவ்வளவு பெரிய ட்ரோனைத் தள்ளிவிடப் போவுது? டவருக்கும் சாட்டிலைட்டுக்கும் என்ன சம்பந்தம் சார்? இது போன் பேசுறது, அது வானத்துல இருக்குறது.

என்ன சொன்னீங்க? சாட்டிலைட்டோட குரலு ரொம்பச் சின்னதா? கல்யாண வீட்ல மைக்செட்டுக்குப் பக்கத்துல நின்னா, தொட்டில்ல புள்ளை அழுவுறது கேக்குமான்னா கேக்குறீங்க? கேக்காதுதான். அப்ப என் பெட்டிதான் மைக்செட்டு. அவ ட்ரோனு காதைத் தீட்டிக்கிட்டு அங்க நின்னிருக்கு, நான் இங்க மைக்செட்டைப் போட்டுவிட்டுட்டு, விழுறதைப் பாக்க அவரையும் கூப்பிட்டு வச்சிருந்திருக்கேன்.

எனக்குத் தெரியாது சார். பிடாரி மேல சத்தியமா தெரியாது. நான் போயி அந்த அம்மன் மேலயே பழியைப் போட்டேன் பாருங்க, அவ மேல சத்தியம் பண்ண எனக்கு வாய் வருதே.

கொஞ்சம் உக்காந்துக்குறேன். படியில உக்காந்துக்குறேன்.

இன்னொண்ணு இருக்கு. நீங்க எப்படியும் நோட்டைக் கேப்பீங்க, நானே சொல்லிடுறேன். திங்கக்கிழமை மேலேருந்து ஆளு வர்றாங்க. ட்ரோனை எடுத்துப் பக்கத்து ஊரு குழுவுக்குக் குடுக்குறதா, அவளை ஓட்டக் கூடாதுன்னு எழுதறதான்னு முடிவு பண்ணப் போறாங்க. எதை வச்சு முடிவு பண்ணுவாங்க? தீர்மான நோட்டை வச்சு. அதுல எழுதியிருக்கேன், "சுகந்தியின் கவனக் குறைவே காரணம், போன் பேசிக்கொண்டே ஓட்டுகிறார்"னு. அவ போன் பேசல சார். பேசுனது நான்.

தையல் போட்டுட்டு வந்த அன்னிக்குச் சாயங்காலம் ரசம் சாதம் கரைச்சுக் கொண்டு போயி ஊட்டுனேன், அடிபட்டது வலது கையாச்சே. வாங்கிச் சாப்பிட்டா. சாப்பிட்டுட்டு என் மடியில படுத்துக்கிட்டு அழுவுறா. "நான் என்ன தப்புப் பண்றேன்னே தெரியலக்கா. கத்துக்குடுத்ததை ஒண்ணு விடாமத்தான் செய்யிறேன். எனக்குன்னு இது ஒண்ணுதான் வந்துச்சு, அதுவும் போயிடுமாக்கா?"ன்னா. தலையைத் தடவிக்கிட்டே இருந்தேன். உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு சார். பொய் சொல்ல மாட்டேன், அவ அழுவ அழுவ எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. அப்புறம் வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கல. பொறாமை இல்லைன்னு சொன்னேனே கீழ. அதை அடிச்சுடுங்க.

அணைக்கணுமா? இப்பவா? மணி பத்து இருபது சார். இன்னும் பத்து நிமிஷத்துல அவரு வந்துருவாரு. பேசிட்டு அணைச்சிடுறேனே. ஒரே ஒரு தடவை. நான் மதகுக்குப் போயெல்லாம் பேச முடியாது, அங்க நின்னா ஊரே காதைக் குடுக்கும், புருஷன்கிட்ட என்னத்தைப் பேசுறது? ஒரு வாரம் சார். அடுத்த வாரம் நீங்களே வந்து எடுத்துக்கிட்டுப் போங்க.

தெரியுது. அங்க வயல்ல, உங்ககூட ஜீப்புல வந்த ஆளு பக்கத்துல சுகந்தி நிக்கிறா. கையில கட்டோட நிக்கிறா. நீங்க வந்திருக்கீங்கன்னுதான் வெள்ளிக்கிழமையும் பாக்காம அவளை ஊரு நிக்க விட்டிருக்கு. இன்னிக்கும் விழுந்துச்சுன்னா திங்கக்கிழமை வரைக்கும்கூடத் தாங்காது.

சரி. நகருங்க. நீங்க தொடாதீங்க, ஷாக் அடிக்கும், எனக்குத்தான் இதோட வாகு தெரியும். நானே புடுங்குறேன்.

புடுங்கிட்டேன்.

ஏ அப்பா, உங்க மிஷினு வாயை மூடிக்கிச்சே. இத்தனை நேரம் கத்துனது இதுக்கா? என் போன்லயும் கோடு ஒண்ணுகூட இல்ல. அவரு இப்ப அங்க டீயைக் கையில வச்சுக்கிட்டு என் நம்பரைப் போட்டுக்கிட்டிருப்பாரு. போவாது. மாடியைக் காட்ட ஆளில்லாமப் போயிடுச்சேன்னு இருக்கும் அவருக்கு. இருக்கட்டும். என்னைப் பாக்கணும்னா வேலை நாளுன்னாலும் அவரு திங்கக்கிழமை கூப்பிடட்டும், மதகுல நிக்கிறேன். கூப்பிடுறாரான்னு பாப்போம்.

பறக்குது சார்.

பாருங்க, ஏறுது. வேப்பமரத்துக்கு நேரா வந்துடுச்சு. அசையல. கொஞ்சம்கூட அசையல. எவ்வளவு நேரா போவுது பாருங்க! இவ்வளவு நாளா மாடியில நின்னு பாத்திருக்கேன், போனுக்குள்ளதான் பாத்திருக்கேன். சும்மா கண்ணால இன்னிக்குத்தான் பாக்குறேன். ஒரு கையாலதான் ஓட்டுறா. நல்லாத்தான் ஓட்டுறா, மூதேவி. நான் போயிருந்தா இப்படி ஓட்டியிருப்பேனா தெரியல. ஓட்டியிருப்பேன். ஏன் ஓட்டியிருக்க மாட்டேன்?

எழுதறதை எழுதிக்குங்க சார். ஆனா அவகிட்ட சொல்லணுமா? பிடாரிக்கு ஒரு பொங்கல் வச்சோம், சரியாப் போச்சுன்னு விட்டுட்டா என்ன? ஊரும் நம்பிடும். நம்பாதா? உங்க ரிப்போர்ட்டுல வீட்டு நம்பரு போட்டுத்தான் ஆவணுங்கறீங்களா? நோட்டும் அப்படியே நிக்குமேங்கறீங்களா? ஆமாம், அது எனக்குத் தோணல. அம்மன்னு சொன்னா நோட்டுல எழுதுனது அவமேல அப்படியே நிக்கும்.

இறக்கிட்டா. காலடியில கொண்டாந்து உக்கார வச்சுட்டா. அய்யோ, ஓடி வர்றா பாருங்க. கையைத் தூக்கி ஆட்டிக்கிட்டு வரப்புல ஓடி வர்றா, தையல் பிரிஞ்சிடப் போவுது. "அக்கா, பாத்தீங்களாக்கா"ங்கறா, கேக்குதா? புருஷன் அங்க டிராக்டர் பக்கத்துல நிக்கிறான், அவனைத் தாண்டிக்கிட்டு வர்றா. எங்கிட்டதான் முதல்ல சொல்ல வர்றா சார்.

இந்தாங்க, இந்தப் பிளக்கை நீங்க புடிங்க. நீங்க கண்டுபுடிச்சு நீங்க புடுங்குனதா இருக்கட்டும். எங்கிட்ட இதைப் பாக்க வேணாம் அவ. புடிங்க சார், படியேறிட்டா.

இல்ல. குடுங்க இங்க. என் கையிலயே இருக்கட்டும்.